போடியாட்ரிஸ்ட் ஆகணும்னு நினைக்கிறவங்களுக்கு: பாதம் பாக்குற வேலைக்கு எப்படி வர்றது, ஏன் வர்றாங்க

போடியாட்ரிஸ்ட்னு சொன்னவுடனே "ஓ, குழந்தைங்க டாக்டரா?"ன்னு கேக்குறவங்கதான் அதிகம். அது பீடியாட்ரீஷியன். நான் சொல்றது பாதம், கணுக்கால், நகம், உள்ளங்கால் தோல், அங்க வந்து சேர்ற ரத்தக்குழாய், நரம்பு, இதையெல்லாம் பாத்து வைத்தியம் பண்ற வேலை. எண் சாண் உடம்புக்கு சிரசே பிரதானம்னு சொல்லிச் சொல்லியே வளர்ந்துட்டோம், அதனாலயோ என்னவோ ஒரு பாதத்துல 26 எலும்பு, 33 மூட்டு இருக்குன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. ரெண்டு பாதத்துக்கும் சேத்து 52, உடம்புல இருக்குற 206 எலும்புல கால்வாசி கீழதான் கெடக்கு. பல வருஷமா இந்த வேலையில இருக்கேன், படிக்கலாமான்னு கேட்டு வர்ற பசங்களுக்கு திரும்பத் திரும்ப சொல்றதை இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

மொதல்ல வேலை என்னன்னு சரியா தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா நிறைய பேரு இதை நகம் வெட்டுற வேலைன்னு நினைக்கிறாங்க, இன்னும் கொஞ்சம் பேரு ஆபரேஷன் மட்டும்னு நினைக்கிறாங்க. நகமும் வெட்டுவோம், குனிஞ்சு எட்ட முடியாத வயசானவங்களுக்கு அதை விடப் பெரிய உதவி கிடையாது. ஆனா ஒரே நாள்ல என்னென்ன வரும்னு பாருங்க. காலையில கால் ஆணியோட ஒரு அம்மா, கல்லு மேல நடக்குற மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க. அடுத்து கட்டை விரல் நகம் ஓரத்துல சதைக்குள்ள வளர்ந்து சீழ் வச்சிருக்குற பையன். அடுத்து காலையில படுக்கையை விட்டு எறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துதுன்னு சொல்ற ஓட்டக்காரர். விளையாடிட்டு வந்தா நொண்டுற 10 வயசுக் குழந்தை, இதுக்கு பெரியவங்களுக்கு வர்ற குதிகால் வலி வைத்தியம் பண்ணா தப்பு, ஏன்னா குழந்தைக்கு குதிகால் எலும்போட வளர்ச்சித் தட்டுல பிரச்சனை, அதுக்கு செவர்ஸ்னு பேரு, வளர்ந்து முடிஞ்சதும் தானா போயிடும், ஆனா அதை பெத்தவங்களுக்குப் புரிய வைக்கிறதுதான் பாதி வைத்தியம். நடுவுல சேற்றுப்புண், மரு, பித்தவெடிப்பு, நகத்துல பூஞ்சை (கால் நகம் முழுசா புதுசா வளர 12 மாசத்துலேர்ந்து 18 மாசம் ஆகும், அதனால இந்த பூஞ்சை கேஸ்ல பொறுமை ரெண்டு பக்கமும் வேணும்). கடைசியா வலியே இல்லன்னு சொல்லிட்டு வர்ற ஒரு சுகர் பேஷண்ட். அவரைத்தான் ரொம்ப நேரம் பாக்கணும்.

இப்போ ஏன் இந்த வேலைக்கு வர்றாங்கன்னு. என் கூட படிச்சவங்க, கூட வேலை பாக்குறவங்க கிட்ட கேட்டா ஆளுக்கு ஒரு காரணம். வீட்டுல யாருக்காவது கால் போயிருக்கும், அதைப் பாத்து வந்தவங்க உண்டு. விளையாட்டுல அடிபட்டு யாரோ ஒரு போடியாட்ரிஸ்ட் சரி பண்ணி விட்டதால வந்தவங்க உண்டு. மருத்துவத் துறையில இருக்கணும் ஆனா ராத்திரி ராத்திரியா கூப்புடுற வேலை வேணாம்னு யோசிச்சு வந்தவங்களும் உண்டு, அதுல ஒரு தப்பும் இல்ல, கிளினிக்ல உக்காந்து பாக்குற போடியாட்ரிஸ்டுக்கு பெரும்பாலும் பகல் வேலைதான், குடும்பம் நடத்த முடியுது. சொந்தமா கிளினிக் போடலாம்ங்கிறதும் ஒரு காரணம்.

ஆனா வந்தவங்களை இருக்க வைக்கிறது வேற. ஒண்ணு, கையால செஞ்சு உடனே பலன் பாக்குறது. மருத்துவத்துல இது ரொம்ப அபூர்வம். மாத்திரை எழுதிக் குடுத்துட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்றதில்ல, ஆணியோட குருத்தை பிளேடால எடுத்து விட்டா அந்த அம்மா எழுந்து நின்னு ஒரு அடி வச்சுப் பாத்துட்டு முகம் மாறும் பாருங்க, அதை தெனமும் பாக்கலாம். உள்ள வளர்ந்த நகத்துக்கு விரல் அடியில ரெண்டு பக்கமும் மரப்பு ஊசி போட்டு, ஓரத்து நகத்தை மட்டும் சின்னதா எடுத்து, அது மறுபடி வளராம இருக்க வேர்ல பீனால்ங்கிற, வேரை எரிச்சு விடுற மருந்து வைப்போம், அவ்வளவுதான், மாசக்கணக்கா அவதிப்பட்ட பையன் கட்டோட நடந்து வீட்டுக்குப் போவான்.

ரெண்டாவது, காலைக் காப்பாத்துறது. இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா எனக்கு இதுதான் இந்த வேலையோட உயிர். சுகர் இருக்குறவங்கள்ல ஆயுசுல எப்பவாவது காலில் புண் வர்றவங்க 19 லேர்ந்து 34 சதவீதம்னு ஆராய்ச்சிகள் சொல்லுது, அதாவது மூணு பேர்ல ஒருத்தர் வரைக்கும். சுகரால கால் எடுக்குறதுல சுமார் 85 சதவீதத்துக்கு முன்னாடி ஒரு புண்ணு இருந்திருக்கு. அப்போ அந்த புண்ணு வராம பாத்துட்டா, வந்ததும் சீக்கிரம் பிடிச்சுட்டா, காலு மிஞ்சும். புண்ணு ஏன் வருது? நரம்பு மரத்துப் போயிடுது, செருப்புக்குள்ள ஒரு சின்னக் கல்லு கெடந்தாலும் தெரியாது, நாள் முழுக்க அது மேலயே நடப்பாங்க. வலி இருந்தா நாம நொண்டுவோம், பாரத்தை மாத்துவோம், செருப்பைக் கழட்டிப் பாப்போம். வலி இல்லாதவங்க அதே இடத்துல மறுபடி மறுபடி மிதிச்சுக்கிட்டே இருப்பாங்க. இதை உலகத்துக்குப் புரிய வச்சதுல டாக்டர் பால் பிராண்ட் பேரு முக்கியமானது, 1946 ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, அங்க தொழுநோயாளிகளைப் பாத்தவர். அவங்க விரலும் பாதமும் தானா அழுகி விழல, உணர்ச்சி இல்லாததால அடிபட்டு அடிபட்டுத்தான் தேயுதுன்னு காட்டினார். 1966 ல அமெரிக்காவுல கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார், அங்கேர்ந்து அந்த அறிவு சுகர் பாதத்துக்கும் வந்துச்சு. இன்னிக்கு நாங்க உள்ளங்கால் புண்ணுக்கு பாரம் எறங்காம காலை ஒட்டினாப்புல மாவுக்கட்டு போடுறது அந்த வழியில வந்ததுதான்.

சரி, உங்களுக்கு ஒத்து வருமான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? படிப்புக்கு அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடி ஒரு போடியாட்ரி கிளினிக்ல கேட்டு ரெண்டு மூணு நாள் கூட நின்னு பாருங்க, முடிஞ்சா ஒரு தனியார் கிளினிக், ஒரு ஆஸ்பத்திரி புண் கிளினிக், ரெண்டும். ரெண்டும் வேற வேற உலகம். புண் கிளினிக்ல வாசனை இருக்கும், சீழ் இருக்கும், கறுத்துப் போன விரல் இருக்கும். முதல் நாள் தலை சுத்தினா பயப்படாதீங்க, எனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு, ஒரு வாரத்துல பழகிடும். வாசனை பழகிடும், ஆனா ஆளுங்க மேல அக்கறை இல்லன்னா அது பழகாது. அரை மணி நேரம் ஒருத்தர் காலை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், அவங்க பேசுவாங்க, வீட்டுக்காரர் போனது, புள்ள ஊர்ல இல்லாதது எல்லாம் வரும், அதைக் கேக்கத் தெரியணும். நிறைய பேரு தன் காலை வெளிய காட்ட வெக்கப்படுவாங்க, சாக்ஸைக் கழட்டும்போதே மன்னிப்பு கேப்பாங்க. அந்த நேரத்துல உங்க முகம் எப்படி இருக்குங்கிறதுதான் முதல் பரீட்சை.

படிப்பு விஷயத்துல ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க: எந்த நாட்டுல வேலை பாக்கப் போறீங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, அப்புறம் காலேஜ் தேடுங்க. ஏன்னா இந்த டிகிரி எல்லா நாட்டுலயும் செல்லாது, பேரு ஒண்ணா இருந்தாலும் வேலை வேற வேற. அமெரிக்காவுல இது ஒரு டாக்டர் படிப்பு, இளங்கலை முடிச்சுட்டு எம்கேட்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதி, 4 வருஷம் டி.பி.எம்.ங்கிற பாத மருத்துவ டாக்டர் பட்டம் படிச்சு, அதுக்கு மேல 3 வருஷம் ரெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சி, அவங்க எலும்பு ஆபரேஷன் வரைக்கும் பண்ணுவாங்க. பிரிட்டன்ல பிளஸ் டூ அளவு முடிச்சுட்டு நேரா பி.எஸ்சி. போடியாட்ரி, பெரும்பாலும் 3 வருஷம், ஸ்காட்லாந்துல 4, அப்புறம் எச்.சி.பி.சி.ங்கிற அமைப்புல பேரு பதியணும். அங்க போடியாட்ரிஸ்ட், அதோட பழைய பேரான கிரோபடிஸ்ட், ரெண்டு பட்டமும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, பதிவு இல்லாம போட்டுக்க முடியாது. ஆபரேஷன் பண்ணணும்னா அதுக்கு மேல பல வருஷப் பயிற்சி தனி. ஆஸ்திரேலியாவுல பெரும்பாலும் 4 வருஷ டிகிரி, அப்புறம் போடியாட்ரி போர்டுல பதிவு. கனடாவுல மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும், கியூபெக்ல த்ருவா ரிவியேர் பல்கலைக்கழகத்துல டி.பி.எம். இருக்கு ஆனா பாடம் பிரெஞ்சுல. இன்னும் பல நாடுகள்ல இதுக்குன்னு தனி டிகிரியே கிடையாது, அங்க சர்ஜனோ பிசியோவோ நர்ஸோ சுகர் பாதத்துக்குத் தனியா பயிற்சி எடுத்துட்டு இந்த வேலையைப் பாக்குறாங்க. பிரிட்டன் டிகிரியை வச்சுக்கிட்டு அமெரிக்காவுல லைசென்ஸ் கேட்டா கிடைக்காது, இதைத் தெரியாம படிச்சு முடிச்சு வருத்தப்பட்டவங்க இருக்காங்க. எந்த காலேஜா இருந்தாலும் அந்த நாட்டுப் பதிவு அமைப்போட லிஸ்ட்ல அந்தப் படிப்பு இருக்கான்னு நீங்களே பாத்துக்கோங்க, ஏஜென்ட் பேச்சை நம்பி பணம் கட்டாதீங்க.

படிக்கும்போது எதுல கவனம் வைக்கணும்னா, புத்தகம் படிச்சுடுவீங்க, அதைப் பத்தி எனக்குக் கவலை இல்ல, கையும் கண்ணும்தான் நேரம் எடுக்கும். நாடி பிடிக்கப் பழகுங்க. பாதத்துக்கு மேல ஒண்ணு, உள்பக்க கணுக்காலுக்குப் பின்னாடி ஒண்ணு, இந்த ரெண்டையும் உங்க கால்லயே தெனமும் தேடுங்க, அப்புறம் வீட்டுல இருக்குற ஒவ்வொருத்தர் கால்லயும். லேசா வைக்கணும் விரலை, அழுத்தினா நாடி அமுங்கிடும், இல்லன்னா உங்க விரல் துடிப்பையே அவங்க நாடின்னு நினைச்சுடுவீங்க. கிடைக்கலன்னா டாப்ளர்ங்கிற, ரத்த ஓட்டத்தைச் சத்தமா கேக்க வைக்கிற கருவியை வச்சுக் கேப்போம், கணுக்கால் பிரஷரை கை பிரஷரால வகுத்துப் பாப்போம், 0.9 க்குக் கீழ போனா ரத்த ஓட்டம் குறைவு. ஆனா சுகர்காரங்களுக்கு ரத்தக்குழாய் சுவர்ல சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியாகி நம்பர் பொய்யா ஏறி நிக்கும், 1.4 னு வந்தா நல்லா இருக்குன்னு அனுப்பிடாதீங்க, கால் விரல் பிரஷர் பாருங்க.

உணர்ச்சி சோதனைக்கு ஒரு நைலான் இழை இருக்கு, மோனோஃபிலமெண்ட், 10 கிராம் அழுத்தத்துல வளையும். முதல்ல பேஷண்ட் கையில வச்சு இதுதான் தொடுற உணர்வுன்னு காட்டணும், அப்புறம் கண்ணை மூடச் சொல்லி பாதத்துல வைக்கணும், இழை வளையுற வரைக்கும், ஒண்ணு ரெண்டு செகண்ட், காய்ப்பு மேல வைக்கக் கூடாது. "தெரியுதா, தெரியுதா"ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்காதீங்க, கேட்டா பாவம் நல்ல பிள்ளையா இருக்கணும்னு ஆமாம் ஆமாம்னு சொல்லிடுவாங்க, தெரிஞ்சா மட்டும் சொல்லச் சொல்லுங்க. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் அப்படித்தான், கட்டை விரல் எலும்பு மேல வச்சு அதிர்வு எப்ப நிக்குதுன்னு கேக்கணும்.

பிளேடு பிடிக்கிறதுக்கு நான் சோப்புக் கட்டியில பழகினேன். கத்தியைத் தோலோட படுக்கையா வச்சு, இன்னொரு கை கட்டை விரலால தோலை இழுத்துப் பிடிச்சு, மெல்லிசு மெல்லிசா சீவணும். தோலை இழுத்துப் பிடிக்கிற கைதான் முக்கியம், புதுசா வர்றவங்க எல்லாரும் கத்தி கையையே பாப்பாங்க. காய்ப்பை சீவும்போது அதுக்குள்ள கறுஞ்சிவப்பா புள்ளி தெரிஞ்சா நின்னுடுங்க, அது பழைய ரத்தம், அடியில புண்ணு ஆரம்பிச்சிருக்கலாம். மேல பாத்தா வெறும் காய்ப்பு, எடுத்து விட்டா கீழ எலும்பு வரைக்கும் குழி, அப்படி எத்தனையோ பாத்திருக்கேன்.

வேலைக்குச் சேந்த முதல் வருஷம் எனக்கு நடந்த ஒண்ணை சொல்றேன். சுகர் இருக்குற ஒரு பெரியவர், ஒரு கால் வீங்கி சிவந்திருக்கு, வேற இடத்துல சுளுக்குன்னு சொல்லி க்ரேப் கட்டு கட்டி அனுப்பியிருக்காங்க. வலி பெருசா இல்லன்னார். நானும் சுளுக்குன்னே எழுதப் போனேன், என் சீனியர் வந்து எதுவும் பேசாம ரெண்டு புறங்கையையும் ரெண்டு பாதத்துல வச்சாங்க, அப்புறம் என் கையைப் பிடிச்சு அதே மாதிரி வச்சாங்க. ஒரு பாதம் கொதிக்குது, இன்னொண்ணு சாதாரணமா இருக்கு. "ஐயா, இந்தக் கால் எத்தனை நாளா சூடா இருக்கு?"ன்னு கேட்டாங்க. அவருக்கு சூடுன்னே தெரியல. அது சார்கோ பாதம், நரம்பு செத்த காலில் எலும்பு உள்ளுக்குள்ள நொறுங்கிக்கிட்டே இருக்கும், மூட்டு இப்படிக் கெடுறதை பிரெஞ்சு டாக்டர் ஜான் மார்ட்டான் சார்கோ 1868 லயே எழுதி வச்சிருக்கார். நடக்க விட்டிருந்தா பாதத்தோட வளைவே தலைகீழா போயிருக்கும். அன்னிக்கே மாவுக்கட்டு போட்டு நடமாட்டத்தை நிறுத்தி, மாசக்கணக்குல பாத்து, காலு தப்பிச்சுது. அதுக்கப்புறம் நான் யாரு காலையும் ரெண்டு பக்கமும் தொட்டுப் பாக்காம விட்டதே இல்ல. இப்போ தோல் சூடு பாக்குற இன்ஃப்ராரெட் கருவி இருக்கு, ரெண்டு பாதத்துக்கும் 2 டிகிரி செல்சியஸுக்கு மேல வித்தியாசம் வந்தா சும்மா விடக் கூடாது. புதுசா சேர்றவங்க இப்படி ஒரு சீனியர் இருக்குற இடமா பாத்து முதல் வேலைக்குப் போங்க, சம்பளம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல, தனியா ஒரு ரூம்ல உக்கார வச்சுட்டு போயிடுற இடம் முதல் ரெண்டு வருஷத்துக்கு வேணாம்.

உங்க உடம்பையும் பாத்துக்கணும். நாள் முழுக்க குனிஞ்சே இருக்குற வேலை, கழுத்தும் இடுப்பும் முதல்ல போகும். பேஷண்ட் நாற்காலியை ஏத்தி உங்க மட்டத்துக்குக் கொண்டு வாங்க, நீங்க கீழ எறங்காதீங்க. தடிச்ச நகத்தை டிரில் வச்சுத் தேய்க்கும்போது பறக்குற தூசியில பூஞ்சையும் இருக்கும், உறிஞ்சி எடுக்குற மெஷினும் நல்ல மாஸ்க்கும் இல்லாம தேய்க்காதீங்க, அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு விட்டுடாதீங்க.

ரெண்டு மூணு வருஷம் எல்லாத்தையும் பாத்துட்டு அப்புறம் கிளை பிரிங்க. விளையாட்டு, குழந்தைங்க, நடையை அளந்து இன்சோல் செய்யுறது, ஆபரேஷன், சுகர் பாதம், மூட்டு வாதக்காரங்க. நான் சுகர் பாதம் பக்கம் போனேன், அது மனசைக் கனக்க வைக்கிற வேலை, ஏன்னா ஆறின புண்ணுல 40 சதவீதம் ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வந்துடுது, நீங்க தப்பு பண்ணலன்னாலும் வரும். அதனால ஆறின பிறகும் ஒரு மாசத்துலேர்ந்து மூணு மாசத்துக்கு ஒரு தடவை அவங்களைப் பாத்துக்கிட்டே இருக்கணும், ஒரே ஆளை வருஷக்கணக்கா பாப்பீங்க, அவங்க பேத்தி கல்யாணத்துக்கு எந்த செருப்பு போடலாம்னு உங்க கிட்டதான் கேப்பாங்க. சொந்த கிளினிக் போடுறவங்க கணக்கு வழக்கு, கருவி ஸ்டெரிலைஸ் பண்றது, நோட்ஸ் எழுதுறது எல்லாத்துக்கும் நேரம் ஒதுக்கணும், மொத்த நாளும் பேஷண்ட் பாக்கலாம்னு போட்டா மூச்சு முட்டும்.

இன்னும் முடிவு பண்ணாம இருக்கீங்கன்னா, காலேஜ் வெப்சைட்டை மூடிட்டு இன்னிக்கு வீட்டுல இருக்குற பெரியவங்க ஒருத்தர் கிட்ட கேட்டு, அதுவும் சுகர் இருக்குறவங்கன்னா இன்னும் நல்லது, அவங்க காலை ஒரு பத்து நிமிஷம் பாருங்க. நல்ல வெளிச்சத்துல உக்கார வைங்க, நீங்க கீழ உக்காருங்க. விரல் இடுக்கு ஒவ்வொண்ணா விரிச்சுப் பாருங்க, ஈரமா வெள்ளையா ஊறியிருக்கான்னு. குதிகால் வெடிப்பு ஆழமா, ரத்தம் தெரியுதான்னு. உள்ளங்காலைத் தூக்கிப் பாருங்க, காய்ப்பு எங்க இருக்கு, அந்த இடத்துல ஏன் இருக்குன்னு யோசிங்க. புறங்கையால ரெண்டு பாதத்தையும் தொட்டு சூடு ஒண்ணா இருக்கான்னு பாருங்க. நகம் ஓரம் ஆழமா வெட்டியிருந்தா நேரா வெட்டச் சொல்லுங்க. ஒரு பேப்பர் மேல நிக்க வச்சு பாதத்தைச் சுத்திக் கோடு போட்டு, அது மேல அவங்க செருப்பை வச்சுப் பாருங்க, கோடு வெளிய தெரிஞ்சா அந்த செருப்பு சின்னது. புண்ணோ, சூடோ, நிறம் மாறினதோ கண்ணுல பட்டா நாளைக்குன்னு தள்ளாம டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போங்க. கடைசியா அவங்க ஷூவுக்குள்ள கையை விட்டு நுனி வரைக்கும் தடவிப் பாருங்க, கல்லு, ஆணி முனை, மடிஞ்ச தையல் ஏதாவது தட்டுதான்னு.